அறுபத்துமூன்று பூச்சாடிகளும் ஒரு சொல்லும்

நாலாவது கரண்டிக் கஞ்சியில் லூசி வாயை மூடிக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இழுத்து இழுத்து ஒரு சொல் சொன்னாள்.

"பிச்ச."

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, அவள் வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன்.

"என்ன லூசி?"

"பிச்ச."

இரண்டாம் முறை தெளிவாகவே இருந்தது.

யாரிடமும் கையேந்தி அறியாதவள் என் மனைவி. அயல்வீட்டில் கறிக்கு ஒரு கட்டு ரம்பை இலை வாங்கினாலும் மறுநாள் ஒரு முருங்கைக்காயாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். அவள் தன் வீட்டில், தன் கட்டிலில் கிடந்துகொண்டு, நான் ஊட்டும் கஞ்சியைப் பிச்சை என்கிறாள்.

"இது ஆர்ட வீடு? உன்ட வீடு. ஆர் இஞ்ச உனக்குப் பிச்ச போடுறது?" என்று சத்தம் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பூச்சாடிகள் வரிசையாக நின்றன.

சாடிக் கணக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கிணறு உவர்த்துப்போன கதையை எழுதியிருந்தேன். அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டிப் பூமரம் வளர்த்தவளைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் இந்தக் கஞ்சிக் கோப்பையில்தான் வந்து முட்டுகிறேன். அவள் போய்ச் சேர்ந்து இந்த மாரியோடு ஒரு வருடமாகிறது. இனியும் சுற்றி வளைத்துப் பயனில்லை.

எங்கள் வீடு கற்பிட்டிப் பக்கம். மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் நாங்கள் இருக்கும் மணல். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மூக்குக் கண்ணாடியில் உப்புப் படியும். இலைகளின் ஓரம் தீய்ந்துபோகும். இந்த மண்ணில் அலங்காரச் செடி வளர்ப்பது வீண் வேலை என்று கலியாணமான புதிதில் நான் லூசியிடம் சொன்னேன். அதற்கு நாலு காரணங்களும் சொன்னேன்.

அவள் நாலையும் கேட்டாள். பிறகு ஒரு குரோட்டன் தடியைக் கொண்டுவந்து நட்டாள்.

அவள் முறை இதுதான். தேங்காய்ப் பொச்சைத் தும்பு தும்பாகப் பிய்த்துச் சாடியின் அடியில் போடுவாள். அதன் மேல் உக்கிய இலை, பழஞ்சாணம், இடித்த நண்டுக்கோது. கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து, மழைக்கு நனையவிட்டு, உப்புப் போனபின் அதையும் சேர்ப்பாள். அந்தூரியத்துக்குக் கிடுகு கட்டி நிழல் கொடுத்தாள். கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாவில் பிடித்து, கோடை முழுவதும் அளந்து அளந்து வார்த்தாள்.

பீப்பாவில் நுளம்பு பெருகும் என்று நான் கவலைப்பட்டேன். அவள் அதன் வாயில் பழைய நுளம்புவலையைக் கட்டினாள். வலை கிழியும் என்று கவலைப்பட்டேன். கிழிந்ததும் தைத்தாள்.

கடைசியில் அறுபத்துமூன்று சாடிகள். முன்பக்கம் நாற்பத்தொன்று: குரோட்டன், அந்தூரியம், பிகோனியா, அடுக்குமல்லிகை, நாலு நிறத்தில் போகன்வில்லா. பின்பக்கம் இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும்தான் எனக்குப் பிடிக்காதவை. வெட்சி, ஆவரசு, நொச்சி, தாழங்கன்று, புன்னைக் கன்று என்று பற்றைகளிலிருந்தும் கரையிலிருந்தும் பிடுங்கிவந்தவை. ஒன்றில் அடம்பன் கொடிகூட இருந்தது. கடற்கரை முழுவதும் கால் வைக்க இடமில்லாமல் படர்ந்து கிடக்கும் அதே அடம்பன்.

"காட்டில கிடக்கிறதுக்கு என்னத்துக்கு லூசி சாடி?" என்று கேட்டேன்.

"சாடியில வச்சாத்தானே நீங்க எண்ணுவீங்க."

அவளுடைய பேச்சு எப்போதும் அப்படித்தான். டெங்கு பார்க்க வந்த உத்தியோகத்தர் ஒருமுறை, "எத்தினை சாடி இருக்கு அம்மா?" என்று கேட்டார். "என்னைக் கேக்காதீங்க தம்பி. அந்தா நிக்கிறார், என்ட கச்சேரி. அவரிட்டக் கேளுங்க" என்றாள்.

நான் புத்தளம் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற பின் எண்ணுவதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. காலைத் தேநீரோடு இறங்கி முன்பக்கம் நாற்பத்தொன்றும் பின்பக்கம் இருபத்திரண்டும் எண்ணிவிட்டுத்தான் மற்ற வேலை. அறுபத்துமூன்றுக்கும் பெயர் சொல்வேன். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், பிறகு நடந்த பிழைக்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இருபத்தாறு சொற்கள்

லூசிக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில், அந்தூரியத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தபோது. வலக்கையும் வலக்காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவளிடம் இருபத்தாறு சொற்கள் மிஞ்சியிருந்தன.

எண்ணியது நான்தான். ஒவ்வொன்றாக வர வர மனதில் சேர்த்துக்கொண்டேன். இருபத்தாறில் பதினான்கு செடிகளின் பெயர்கள். மாதாவின் பெயர் இருந்தது. இத்தாலியில் இருக்கும் மகனின் பெயர் இருந்தது. என்னைக் கூப்பிட ஒரு சொல்லும் இருக்கவில்லை. முன்பும் அவள் என் பெயர் சொன்னவள் அல்ல. "இஞ்சப் பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்த இரண்டு சொற்களும் போய்விட்டன.

சொற்கள் இடம் மாறியும் கிடந்தன. "அடம்பன்" என்றால் போர்வை. மேலே படர்வதாலோ என்னவோ. "கற்றாழை" என்றால் எங்கோ நோகிறது. "குரோட்டன்" என்றால் தேத்தண்ணி. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் படித்துக்கொண்டேன். குரோட்டன் என்றதும் தேத்தண்ணி போட எழும்பிப் போகும்போது, உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. வேறு யாருக்கும் விளங்காத பாஷை எனக்கு விளங்குகிறதே என்று.

"பிச்ச" மட்டும் அகப்படவில்லை. தேத்தண்ணி கொடுத்தாலும் அதையே சொன்னாள். போர்வையை இழுத்துவிட்டாலும் அதையே சொன்னாள். போகப் போக மற்றச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இது மட்டும் நின்றது. சொல்லும்போதெல்லாம் கண் ஜன்னலுக்குப் போனது. அவளுக்கு ஏதோ வேண்டும். அது என்னவென்று தெரியாமலே அவளை அனுப்பிவிடுவேனோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

செடியாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன்தான். உடனே தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டில் அறுபத்துமூன்று சாடிகள். அந்தப் பெயரில் ஒரு செடியும் இல்லை.

அந்தோனியார் கோயில் வாசல்

எங்கள் வலப்பக்கத்து வீடு ஹமீதுவுடையது. அவருடைய சொந்த ஊர் பள்ளிவாசல்துறை. வலைக்கடை வைத்திருந்தவர். இப்போது மகன்மார் கடையைப் பார்க்க, அவர் மூன்று சில்லு வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, தேவைப்பட்டவர்களை ஏற்றி இறக்குவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

"கிளாக்கர் ஐயா, அக்காவ ஏசாதீங்க" என்றார். "அவங்க தனக்குப் பிச்ச போடுறதெண்டு சொல்லல்ல. பிச்ச குடுக்கணுமெண்டு சொல்றாங்க. ஸதக்கா. வருத்தக்காரங்களுக்கு அப்பிடி ஒரு நாட்டம் வாறதுதான். எங்கட உம்மாவும் கடைசி நாளையில கேட்டாங்க."

அது எனக்குச் சரியென்று பட்டது. என்னைத் திட்டுகிறாள் என்று நினைப்பதைவிட அது ஆறுதலாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயில் வாசலில் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேக்கரியில் பன்னிரண்டு இறாத்தல் பாண் வாங்கிவந்து, லூசியின் கட்டிலருகே வைத்தேன். அவளுடைய இடக்கையை எடுத்து ஒவ்வொன்றிலும் தொடவைத்தேன். சூடு ஆறாத பாண். அவள் விரல்கள் அதன் மேல் தோலைத் தடவின. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஹமீதுவின் வண்டியில் கோயிலுக்குப் போய்க் கொடுத்தோம். முடிந்ததும் நான் வெறும் பையைப் பார்த்தேன்.

"பன்னெண்டும் போயிட்டுதா?" என்றேன்.

"அல்லாவே! ஸதக்காவையும் எண்ணுறீங்களே மனுசன்!" என்று ஹமீது தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, "குடுத்தாச்சு லூசி. உன்ட பேரில குடுத்தாச்சு" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது.

"பிச்ச" என்றாள்.

அடுத்த செவ்வாயும் கொடுத்தோம். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் அவள் அழுதாள். ஊரில் லூசியின் பேரில் வயிறு நிறைந்தவர்கள் அதிகமானார்கள். அவள் உடம்பு மட்டும் கரைந்துகொண்டு வந்தது.

செசிலியின் சிரிப்பு

சிலாபத்துக்கு அப்பால் இருக்கும் லூசியின் தங்கை செசிலி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் பஸ் ஏறி வந்தாள். பையை இறக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, நேரே கட்டிலுக்குப் போய்த் தமக்கையின் கன்னத்தைப் பிடித்தாள்.

லூசி அவளையே பார்த்தாள். "பிச்ச" என்றாள்.

"எந்தப் பிச்ச அக்கா?" என்றாள் செசிலி உடனே. "கெட்ட பிச்சயா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீயும் தொடங்கிட்டியா? பிச்சையில நல்ல பிச்ச, கெட்ட பிச்ச எண்டு வேற இருக்கா? மூண்டு கிழமையாப் பாண் குடுத்துக் களைச்சுப்போயிட்டன் நான்!"

செசிலி என்னைப் பார்த்து விழித்தாள். "பாணா? என்னத்துக்குப் பாண்?"

சொன்னேன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது.

"ஐயோ அத்தான், அது மல்லிகையப்பா! எங்கட வீட்டில மல்லிகைக்குப் பிச்ச எண்டுதானே சொல்றது. எங்கட அம்மாட பாஷ. கெட்ட பிச்ச எண்டா அடுக்குமல்லிகை."

அவர்களுடைய அப்பா தமிழர். அம்மா சிங்களம். அந்த வீட்டில் செபமும் பள்ளிக்கூடமும் அப்பாவின் பாஷையில் நடந்தன. அடுப்படியும் பூமரமும் அம்மாவின் பாஷையில். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் லூசி என் வீட்டுக்கு வந்த முதல் கிழமையில் ஏதோ ஒரு சிங்களச் சொல்லைச் சொல்ல, என் சகோதரிகள் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயில் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. என்னிடம் எப்போதும் மல்லிகை என்றுதான் சொன்னாள்.

எனக்கும் சிங்களம் வரும். ஆனால் அது கச்சேரிச் சிங்களம். காணி, உறுதி, வரி, முத்திரை. அதில் பூ இல்லை.

முற்றத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு ஓட்டம். அடுக்குமல்லிகைச் சாடியில் இருந்த ஐந்து பூவையும் கிள்ளிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

மணந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது இல்ல அத்தான்" என்றாள் செசிலி மெதுவாக. "அவ கேக்கிறது வல் பிச்ச. காட்டில படர்ற மல்லிகை. எங்கட வளவு வேலி முழுக்க அதுதான் கிடந்தது. கோயில் கொடியேத்தத்துக்கு அதைப் பறிச்சு அம்மா எங்க ரெண்டு பேர்ட தலையிலயும் வச்சு விடுறவ."

"இப்பவும் கிடக்கா?"

"எங்க அத்தான். அந்த வளவை வித்து, வேலியப் புடுங்கி மதில் கட்டி எவ்வளவு காலம்!"

மையவாடி வேலி

நான் வேலியோரம் போய் ஹமீதுவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நாந்தானே உங்கள பாண் குடுக்க வச்சது" என்றார். "அந்தப் பூ எப்பிடி இருக்கும்?"

செசிலி சொன்னாள். கம்பி மாதிரி மெல்லிய கொடி. சின்னச் சின்னப் பச்சை இலை. மொட்டில் ஒரு சிவப்பு ஓடும். விரிந்தால் வெள்ளை நட்சத்திரம்.

"அதுவா? அது எங்கட மையவாடி வேலியில படர்ந்து கிடக்கே!"

முஸ்லிம்களின் அடக்கத்தலம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. புத்தளம் பஸ்ஸுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் அந்த வேலியோரமாகத்தான் போய்வந்தேன். கம்பி வேலியின் தூண்கள் எத்தனை என்று இப்போதும் சொல்வேன்.

"அங்கயிருந்து பறிக்கலாமா, ஹமீது?" என்று தயங்கினேன்.

"மௌத்தானவங்க என்ன, கடுதாசியா கேக்கப்போறாங்க? அது கச்சேரி இல்ல. ஏறுங்க வண்டியில."

மாரி மழை இரண்டு மூன்று விழுந்திருந்த நேரம். வேலியின் ஒரு மூலை முழுவதும் வெள்ளையாக இருந்தது. ஹமீது செருப்பை வெளியே விட்டு உள்ளே போய், சலாம் சொல்லிவிட்டு, உள்பக்கமாக நின்று பறித்தார். நான் வெளிப்பக்கம் நின்று பறித்தேன்.

ஒரு பூவைக் கையில் வைத்து இதழ்களை எண்ணினேன். ஏழு. அடுத்ததில் எட்டு. இன்னொன்றில் ஒன்பது. எந்த இரண்டு பூக்களும் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வாசனை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது.

பின்பக்கத்துச் சாடிகளில் இதற்கு ஏன் அவள் ஒரு சாடி வைக்கவில்லை? ஆவரசுக்கு வைத்தாள். அடம்பனுக்கு வைத்தாள். வைத்திருந்தால் நான் பெயர் கேட்டிருப்பேன். அவள் அதை அம்மாவின் பாஷையில் சொல்ல வேண்டி வந்திருக்கும். என் வீட்டு வாசலில் அவள் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த சாமான்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். எவ்வளவு சாமான்கள் அப்படி இருந்தன என்று இனி யாரிடம் கேட்பது?

பின்னேரம்

ஹமீது பூவைத் தன் தோள் துண்டில் முடிந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

செசிலி வாழைநாரில் பூக்களை நெருக்கமாகக் கட்டினாள். லூசியின் மூக்கருகே கொண்டுபோனாள்.

லூசி கண்ணை மூடினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்த மூச்சை விட மறந்ததுபோல் வைத்திருந்தாள். பிறகு அவள் வாயின் இடது பக்கம் அசைந்தது. பாரிசவாதம் வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பாதி முகத்துச் சிரிப்பு.

சொல் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் அந்தச் சரத்தை வாங்கி, மெல்ல மெல்லத் தலைக்குக் கொண்டுபோனாள்.

தலை கழுவ இலகுவாக இருக்கட்டும் என்று அவளுடைய முடியைக் கட்டையாக வெட்டியிருந்தோம். பூ நிற்க அங்கே ஒன்றுமில்லை. சரம் வழுக்கித் தலையணையில் விழுந்தது.

மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது.

"கிளிப் ஏதும் கிடக்கா அத்தான்?"

அலுமாரியில் தேடி ஒன்று எடுத்துவந்தேன். செசிலி குத்திப் பார்த்தாள். கிளிப்பும் நிற்கவில்லை, பூவும் நிற்கவில்லை. லூசி கையை மூன்றாம் முறை தூக்கினாள். பாதியில் அது களைத்து நெஞ்சின் மேல் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலை அல்ல, என்னை.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சரத்தை எடுத்து, அவளுடைய காதுக்குப் பின்னால் வைத்து, என் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கையின் கீழே அவளுடைய தலை சின்னப்பிள்ளையின் தலைபோல் சூடாக இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே ஹமீது தொண்டையைச் செருமுவது கேட்டது. வண்டி கிளம்பிப் போனது. செசிலி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கதிரையில் வைத்தாள். அது ஆறிப்போனது.

"கை கடுக்குமே அத்தான். விடுங்க, நான் பிடிக்கிறன்."

"வேணாம்" என்றேன்.

"அக்கா நித்திரையாகிட்டா அத்தான். கைய எடுங்க."

ஓம், நித்திரையாகிவிட்டாள். எனக்கும் தெரிந்தது. கையை எடுத்தால் பூ விழும். நான் எடுக்கவில்லை.